இலைதானே என்று காட்டில் கொட்டாதீர்கள்

காட்டுக்குள் தோட்டக் கழிவைக் கொட்டியிருப்பதை இந்த வசந்தத்தில் நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. நாங்கள் பாதுகாக்கும் காட்டுக் காப்பகத்தின் வடக்கு எல்லையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டின் கொல்லையிலிருந்து தள்ளுவண்டித் தடம் நேராகக் காட்டுக்குள் இறங்கியிருந்தது. அது முடிந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிய புல், கத்தரித்த கொடிகள், பூந்தொட்டியிலிருந்து கவிழ்த்த மண். கதவைத் தட்டினேன். "இலைதானே, மக்கிப் போகும். அந்தப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத காடுதானே?" என்றார் வீட்டுக்காரர். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு நில அறக்கட்டளையின் காப்பகங்களைப் பராமரிப்பது என் வேலை. முதலில் ஒன்று: அது புறம்போக்கு அல்ல. நாங்கள் விலைகொடுத்து வாங்கிய, அல்லது யாரோ தானமாக எழுதிக்கொடுத்த, முறையாகப் பதிவான பத்திரமுள்ள நிலம். 1891-இல் மாசசூசெட்ஸில் சார்லஸ் எலியட் முன்னின்று தொடங்கிய 'டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்' என்ற நில அறக்கட்டளையின் காலத்திலிருந்தே எண்ணம் ஒன்றுதான். நூலகம் எல்லோருக்காகவும் புத்தகங்களை வைத்துக் காப்பதுபோல, நிலத்தையும் ஓர் அமைப்பு வைத்துக் காக்க வேண்டும். சில இடங்களில் நிலம் குடும்பத்திடமே இருக்கும். கட்டமாட்டோம், கூறுபோடமாட்டோம் என்ற ஈஸ்மென்ட் ஒப்பந்தம் மட்டும் எங்களிடம் இருக்கும். அது வேறு கதை.

சொந்தமாக வைத்திருக்கும் நிலத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் நெறி. எல்லைப் பலகை, விழுந்த மரம், புதிதாக முளைத்த களை, பக்கத்து வீட்டின் கொட்டகை, எல்லாவற்றையும் படமெடுத்துத் தேதியோடு பதிகிறோம். காப்பீடு, பாதை, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதற்காகவே நிலத்தை ஏற்கும்போது பராமரிப்பு நிதி ஒன்றையும் சேர்க்கிறோம். அது நன்கொடையாளர்களின் பணம்.

சரி, "இலைதானே" என்பதற்கு வருகிறேன்.

காட்டு மரம் தன் இலையை மெல்லிய அடுக்காக உதிர்க்கிறது. அந்த அடுக்கைத் துளைத்து வரத் தெரிந்த செடிகள்தான் அங்கே வாழ்கின்றன. நீங்கள் கொட்டும் புல் அப்படியல்ல. ஈரமாகப் படிந்து, காற்றுப் புகாத பாய்போல அழுத்தி, உள்ளே சூடேறி அழுகும். கீழே இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். புல்லிலிருந்து இறங்கும் தழைச்சத்து களைகளுக்குத்தான் விருந்து. இந்தக் குவியல் இருந்த இடத்தில் முன்பு டிரில்லியம் என்ற காட்டுப் பூச்செடி இருந்தது. விதையிலிருந்து அது முதல் பூ பூக்க ஏழு வருடம்கூட ஆகலாம். எறும்புகள் சுமந்துபோகும் தூரத்துக்குத்தான் பெரும்பாலும் விதை பரவும். ஒரு கோடையில் கொட்டியதை ஈடுகட்டப் பல வருடங்கள் வேண்டும்.

கத்தரித்த கொடி இன்னும் மோசம். தோட்டங்களில் வளர்க்கும் வின்கா, ஐவி போன்ற படர்கொடிகள் துண்டிலிருந்தே வேர்விடும். ஜப்பானிய நாட்வீட் என்ற களைக்கு விரல்நுனி அளவு வேர்த்தண்டு போதும். குவியலைச் சுற்றி முப்பது அடிக்கு வின்கா படர்ந்திருந்தது, வேறெதுவும் இல்லை.

அப்புறம் தொட்டி மண். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவள் நான். வயலுக்கு அது சரி. ஆனால் பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த இந்த வடக்குக் காடுகள் மண்புழுவே இல்லாமல் உருவானவை. துள்ளும் புழு எனப்படும் ஆசிய மண்புழுவின் முட்டைக்கூடுகள் தொட்டி மண்ணோடு வந்துவிடும், குளிர்காலத்தையும் தாங்கும். அந்தப் புழு இலைப்படுகையைத் தின்று, காப்பித்தூள்போன்ற உதிரி மண்ணை மட்டும் மிச்சம் வைக்கும். ஒரு காட்டில் பரவிவிட்டால் அதை அகற்ற இன்று எங்களிடம் வழி இல்லை.

எல்லை தாண்டி எங்கள் நிலத்துக்குள் வந்த கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் இதே பதில்தான்: கூடாது. பல வருடம் வெளிப்படையாக அனுபவித்தால் உரிமை கோரச் சட்டம் இடம்கொடுக்கலாம் என்பதால் நாங்கள் கடிதம் அனுப்பியே ஆக வேண்டும். "ஒரு அடிதானே, விட்டுக்கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அறக்கட்டளைச் சொத்தைத் தனி ஒருவருக்கு இனாமாக விட எங்களுக்கு அதிகாரம் இல்லை.

உங்கள் சர்வே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நம்பாதீர்கள். புல்லை வெட்டிய இடத்திலேயே விடுங்கள், புல்தரைக்கு நல்லது. மற்றதை உங்கள் கொல்லையிலேயே மக்கவிடுங்கள், இல்லாவிட்டால் நகராட்சி வண்டிக்குக் கொடுங்கள். ஓடைக்கரையில் கொட்டவே கொட்டாதீர்கள். பலகையைப் பிடுங்காதீர்கள். நாயைக் கயிற்றில் பிடியுங்கள். தரையில் கூடுகட்டும் பறவைகள் இருக்கின்றன.

ஏற்கெனவே கொட்டியிருந்தால், தயவுசெய்து எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்களே வாரி வேறு பக்கம் போடாதீர்கள், துண்டுகள் இன்னும் பரவும். கையுறையும் பைகளும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அந்த வீட்டுக்காரரும் நானும் போன சனிக்கிழமை பதினொரு பை வின்கா பிடுங்கினோம். அடுத்த சனிக்கிழமையும் போகிறோம்.