வினிகர், ஒரு நிமிடம், உறைந்த வாயு

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் முளைப்பதில்லை. அதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் தொற்று பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால், அது புற்றாக மாற பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வலி, ரத்தப்போக்கு என்று எதுவும் தெரியாத இந்த நீண்ட இடைவெளியில்தான் அதைப் பிடிக்க வேண்டும். தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் படுகிறது என்று மருத்துவரிடம் வரும்போது பல சமயம் இடைவெளி முடிந்திருக்கும்.

பிடிப்பதற்கான மலிவான வழி அசிட்டிக் அமிலம். ஊறுகாயில் ஊற்றும் வினிகரின் சரக்குதான். 5 மி.லி. அடர் அமிலத்தை 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் அன்றன்று புதிதாகக் கலக்கிறார்கள். கலக்க மறந்து அப்படியே தடவினால் திசு வெந்துவிடும் என்பதால் புட்டியில் எழுதி ஒட்டுவது கட்டாயம்.

யோனியை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் கருவியை வைத்து, நல்ல வெளிச்சத்தில் கருப்பைவாயைப் பார்த்து, சளியைத் துடைத்துவிட்டு, கரைசலில் நனைத்த பஞ்சை ஒற்றுவார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே வரிசை நீளும்போது சுருங்கிப்போவது இந்த ஒரு நிமிடம்தான். சோதனை தவறுவதும் இங்கேதான்.

மாறத் தொடங்கிய செல்களில் உட்கரு பெரிது, புரதம் அதிகம். அமிலம் அந்தப் புரதத்தைத் தற்காலிகமாக உறையச் செய்கிறது. அடியிலுள்ள ரத்தக்குழாய்களின் சிவப்பு மறைந்து, அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஆனால் வெளுத்ததெல்லாம் நோயல்ல. தட்டை செல்களும் சளி சுரக்கும் செல்களும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, அடர்த்தியாக, ஓரம் தெளிவாக, சீக்கிரம் கலையாமல் நிற்கும் வெண்மைதான் கணக்கு. மங்கலாகப் பரவி உடனே மறைவது பெரும்பாலும் அழற்சியாகவோ இயல்பான செல்மாற்றமாகவோ இருக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்த எல்லைக்கோடு உள்ளே ஏறிவிடுவதால் இச்சோதனையை நம்ப முடியாது, அவர்களுக்கு வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையே பொருத்தம். வசதி இருந்தால் 30 வயது தாண்டிய எல்லோருக்குமே அதுதான் நல்லது.

இந்த எளிய முறை உயிர் காக்குமா என்பதைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதனை செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில், அழைக்கப்படாத குழுவைவிட இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணுக்குப் பின்னால் சோதனை மட்டும் இல்லை. வெண்மை தென்பட்டவர்களுக்கு மேற்பரிசோதனையும், தேவைப்பட்டவர்களுக்குக் கெட்ட செல்களைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அதே ஏற்பாட்டுக்குள் இருந்தன. ‘பிறகு வாருங்கள்’ என்று அனுப்பப்படுபவர்களில் பலர் திரும்ப வருவதே இல்லை.

உறைய வைப்பதற்கும் அளவு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடோ கார்பன் டை ஆக்சைடோ ஓடும் உலோக முனையை 3 நிமிடம் அழுத்தி, 5 நிமிடம் உருகவிட்டு, மீண்டும் 3 நிமிடம். சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால் பனி ஆழமாக இறங்காது. சுரப்பிக் குழிகளுக்குள் இருக்கும் கெட்ட செல்கள் பிழைத்துக்கொள்ளும். வெண்மை கருப்பைவாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலும், உட்குழாய்க்குள் நுழைந்திருந்தாலும் உறைய வைக்கக் கூடாது. மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுக்க வேண்டும். புற்றே வந்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் பயாப்ஸி, அதாவது துளி திசுவை எடுத்துச் சோதிப்பது. சிகிச்சைக்குப் பின் ஒரு மாதம் வரை நீர்போல வெள்ளைப்படும். அதுவரை தாம்பத்தியம் வேண்டாம். ஓராண்டில் மறுபரிசோதனை.

இந்தக் கட்டத்தைத் தவறவிட்டு, புற்று சுற்றுத் திசுக்களுக்குப் பரவிவிட்டால் கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும், கடைசியில் கருப்பைக்குள் வைக்கும் உட்கதிர்வீச்சும் தேவைப்படும். அத்தனையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கென்று ஒரு வாரம் விட்டால், பிழைத்த புற்றுசெல்கள் அதற்குள் பெருகத் தொடங்கிவிடும். விட்டுப்போன நாட்களைப் பின்னால் சேர்த்துக் கொடுத்தாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகாது.