காதுக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் இறுதிச் சுற்றைவிடக் குரல்தேர்வுச் சுற்றுதான் எனக்குப் பிடிக்கும். இறுதிச் சுற்றில் இசைக்குழு, ஒலிப்பதிவாளர், பல வாரப் பயிற்சி எல்லாம் சேர்ந்து பாடகரைத் தாங்கிப் பிடிக்கின்றன. தேர்வறையில் அந்தத் துணை எதுவும் கிடையாது. பெரும்பாலும் ஒரு சுருதிப் பெட்டிகூட இல்லாமல் ஒருவர் பல்லவியை எடுக்கிறார். இரண்டாவது வரியிலேயே நடுவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்: சுருதி சேரவில்லை. சோபாவில் சாய்ந்திருக்கும் நாமும் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: இவருக்குக் காதே கிடையாது.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. சுரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிய முடியாத பிறவிக் குறைபாடு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு அமியூசியா என்று பெயர். ஆனால் அது நூறு பேரில் ஓரிருவருக்குத்தான் இருக்கும். சுருதி விலகிப் பாடுகிறவர்களோ ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சரியாகப் பாட வராதவர்கள் சுர வேறுபாட்டைக் கேட்டறிவதில் மற்றவர்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை.

இதைவிட நேர்த்தியான சோதனையை ஷான் ஹட்சின்ஸும் இசபெல் பெரெட்ஸும் மான்ட்ரியாலில் செய்து 2012இல் வெளியிட்டார்கள். விரலை நகர்த்தினால் சுரம் ஏறி இறங்கும் கருவி ஒன்றை, இசைப் பயிற்சி இல்லாதவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு சுரத்தைக் கேட்க வைத்து, அதே சுரத்தைக் கருவியில் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு வாயால் பாடச் சொன்னார்கள். விரல் ஏறக்குறையப் பிசகாமல் சுரத்தைப் பிடித்துவிட்டது. அதே ஆளின் தொண்டை தடுமாறியது. காதில் பழுது என்றால் விரலும் அல்லவா தவறியிருக்க வேண்டும்?

ஆக, சிக்கல் கேட்பதில் இல்லை; கேட்டதைத் தசைக்குக் கட்டளையாக மாற்றுவதில் இருக்கிறது. குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்கள் பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர், ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளம். கீழிருந்து வரும் மூச்சு அவற்றை அதிர வைக்கிறது. குரல்வளையின் முன்பக்கத்தில் உள்ள ஒரு சிறு தசை, இந்தக் குரல்நாண்களை இழுத்து விறைப்பாக்கினால் சுரம் ஏறும். மூச்சழுத்தம் கூடினாலும் சுரம் கொஞ்சம் ஏறிவிடும். ஆகவே ஒரு சுரத்தைப் பிடிக்க, இழுப்பும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வீணையில் இருப்பது போல, சுரத்தின் இடத்தைக் காட்டும் மெட்டு எதுவும் தொண்டையில் கிடையாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒலி வெளியே வருவதற்கு முன்பே தசை தயாராகிவிட வேண்டும். காது தன் கருத்தைச் சொல்வது அதற்குப் பிறகுதான். ஒருவர் பாடும்போது அவர் குரலையே சற்று ஏற்றி அல்லது இறக்கி, ஹெட்போன் வழியாக அவருக்குக் கேட்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவரையும் அறியாமல் குரல் எதிர்த்திசையில் நகர்ந்து சரிசெய்துகொள்கிறது; ஆனால் அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று மேலோ ஆகிறது. அந்த இடைவெளியில் குரல், பழகிய கணக்கை மட்டும் நம்பி ஓடுகிறது. அடுத்த முறை தேர்வுச் சுற்றைப் பார்க்கும்போது, கீழிருந்து ஒரே தாவலில் மேல் சட்ஜத்துக்கு, அதாவது மேல் ‘ச’வுக்கு, போகும் இடத்தைக் கவனியுங்கள். பலர் சற்றுக் கீழே விழுந்து, பிறகு வழுக்கிக்கொண்டு மேலேறுவார்கள். அந்த வழுக்கல்தான் காது தொண்டையைத் திருத்தும் நேரம். பயிற்சி பெற்றவர்களுக்குக் கணக்கே துல்லியமாக இருப்பதால் திருத்தத்துக்குத் தேவை குறைவு.

அந்தக் கணக்கைத்தான் பதற்றம் கலைக்கிறது. அட்ரினலின் சுரந்ததும் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது, வாய் உலர்கிறது, தசையின் இயல்பான நடுக்கம் பெரிதாகிறது. உலர்ந்த நாண்களை அதிர வைக்க அதிக அழுத்தம் வேண்டும். வீட்டுக் குளியலறையில் நூறு முறை சரியாக வந்த அதே கட்டளைக்கு இங்கே வேறு சுரம் வருகிறது.

இன்னும் பெரிய ஆபத்து பாட்டின் முதல் சுரத்திலேயே காத்திருக்கிறது. துணைக்குச் சுருதி இல்லாதபோது எந்தக் கட்டையில், அதாவது எந்த உயரத்தை ‘ச’வாக வைத்து, தொடங்குவது என்பதைப் பாடகரே முடிவு செய்ய வேண்டும். பதற்றத்தில் குரல் இயல்பாகவே மேலேறி நிற்கும். ஒரு கட்டையில் பாட வேண்டிய ஆண் இரண்டு கட்டையில் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பல்லவியில் ஒன்றும் தெரியாது, கம்பீரமாகக்கூட இருக்கும். சரணத்தில் மேல் பஞ்சமம் வரும்போதுதான் வினை: நொடிக்கு 392 முறை அதிர வேண்டிய நாண்கள் 440 முறை அதிர வேண்டியிருக்கிறது. அங்கே குரல் பிளக்கிறது. நடுவர் குறித்துக்கொள்வது சரணத்தை. பிழை நடந்ததோ பல்லவியின் முதல் எழுத்தில்.

மூலப் பாட்டின் சுருதி நினைவில் இருக்காதா என்றால், ஓரளவு இருக்கும். டேனியல் லெவிட்டின் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாப் பாடல்களை நினைவிலிருந்து இரண்டு முறை பாடிய மாணவர்களில் 44 சதவீதத்தினர், இரண்டு முறையும் மூலச் சுருதிக்கு இரண்டு அரைச்சுர (ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் உள்ள தூரம்) எல்லைக்குள் நின்றார்கள். ஆனால் ஆண் பாடிய பாட்டை ஒரு பெண் தேர்வுக்குக் கொண்டுவந்தால் இந்த நினைவே அவரைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போகும்.

தொலைக்காட்சியில் கேட்டதை வைத்து யாரையும் எடைபோடுவதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997இலேயே வந்துவிட்டது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் எண்ணெய் தேடும் நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். பிரிட்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ போட்டியில், தேர்வுச் சுற்றில் பாடியவர்களின் குரலை ஒளிபரப்புக்கு முன் இப்படித் திருத்தியது 2010இல் வெளியாகி, பார்வையாளர்கள் கொதித்தார்கள். நடுவர் நேரில் கேட்டதும் நாம் வீட்டில் கேட்பதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தேர்வுக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே கைபேசியில் உள்ள சுருதிப் பெட்டியைக் காதில் ஓடவிட்டுக்கொள்வது நல்லது. சரணத்தின் உச்ச வரியை மெல்லப் பாடிப் பார்த்து, குரல் எட்டுகிறது என்று தெரிந்த பிறகு அங்கிருந்து இறங்கிப் பல்லவியின் முதல் சுரத்தைப் பிடிக்கலாம். தண்ணீரை மட்டும் காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது அவசரமாக விழுங்கும் மிடறு நாக்கையும் தொண்டையையும் நனைத்துவிட்டு உணவுக்குழாய் வழியே போய்விடும். குரல்நாண்களைத் தொடுவதே இல்லை.