ஸ்டைல் – பாணி: பீர் போட்டி நடுவர்களின் அடிப்படைச் சொல்

பீர் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது என்றால், வந்தவற்றிலேயே மிகச் சுவையான பீர் அதுதான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நடுவர் மேசையில் எழும் கேள்வியே வேறு. இந்த பீரை எந்த ஸ்டைல் என்று பதிந்து அனுப்பினார்களோ, அந்த ஸ்டைலுக்கு இது எவ்வளவு உண்மையாக இருக்கிறது? போட்டி முழுக்க இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. தமிழில் இதை 'வகை' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. 'பாணி' என்பதே சரியான சொல்.

இலத்தீனில் ஸ்டிலுஸ் என்பது மெழுகு பூசிய பலகையில் எழுதப் பயன்பட்ட கூர்முனைக் கோல். நம் எழுத்தாணிக்கு உறவு. கருவியின் பெயர் நாளடைவில் எழுதும் முறைக்கு ஆகிவந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் கட்டடம், ஓவியம், இசை என்று பரவியது. பீருக்கு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது அண்மையில்தான். கருநிற பீர்களான போர்ட்டர், ஸ்டவுட், வெளிர்நிற பீரான பில்ஸ்னர் ஆகிய பெயர்கள் பழையவை. பில்ஸ்னர் 1842இல் பொஹீமியாவின் பில்சென் நகரில் பிறந்தது. ஆனால் ஊர் ஊராக இருந்த பீர்களையெல்லாம் ஸ்டைல் என்ற ஒரே பார்வையில் அடுக்கிக் காட்டி, அந்தச் சொல்லைப் பரப்பியதில் பெரும்பங்கு மைக்கேல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் பீர் எழுத்தாளருக்கு உண்டு. பாடகர் அல்ல, இவர் வேறொருவர். அவருடைய உலக பீர் கையேடு 1977இல் வந்தது.

அமெரிக்காவில் 1982இல் கொலராடோவின் போல்டரில் தொடங்கியது கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல். தொடக்கத்தில் வந்தவர்கள் வாக்குப் போட்டுச் சிறந்ததைத் தேர்ந்தார்கள். 1987இல் பெயர் மறைத்துச் சுவைக்கும் தொழில்முறை நடுவர் குழு வந்தது. அப்போது ஒவ்வொரு பீரையும் எதோடு ஒப்பிடுவது என்ற அளவுகோல் தேவைப்பட்டது. ஸ்டைல் அந்த இடத்தைப் பிடித்தது. வீட்டில் பீர் காய்ச்சுவோரின் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்துத் தரப்படுத்தும் அமைப்பு 1985இல் உருவானது. பி.ஜே.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது வெளியிடும் பாணி வரையறையின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் இன்று பல நாட்டு வீட்டுக்காய்ச்சல் போட்டிகளில் கையில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் போட்டிகளில் மேசைக்கு வரும் புட்டியில் எண் மட்டும் இருக்கும். காய்ச்சியவர் பெயர் இருக்காது. பாணி எது என்பது மட்டும் நடுவருக்குத் தெரியும். ஊற்றியதும் முதலில் முகர்வார்கள், ஏனெனில் சில மணங்கள் நொடிகளில் பறந்துவிடும். மொத்தம் 50 புள்ளி: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு 3தானா என்று முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். நுரையும் நிறமும் கண்ணைக் கவர்ந்தாலும் தீர்ப்பு மூக்கிலும் நாக்கிலும்தான். ஒயின் நடுவர்கள் துப்பிவிடுவது வழக்கம். பீர் நடுவர்கள் விழுங்குவார்கள், விழுங்கிய பின்னும் நிற்கும் கசப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனியே தாளில் எழுதி முடித்த பிறகே பேச்சு. 45க்கு மேல் கிடைப்பது அரிது.

பாணி என்ற சொல்லின் எடை இங்கேதான் தெரியும். வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஒரு பில்ஸ்னரில் வந்தால் நொதித்தலில் ஏதோ தவறிவிட்டது என்று பொருள். அதே இரண்டும் பவேரியாவின் கோதுமை பீரான ஹெஃபவைசனில் இல்லாவிட்டால்தான் குறை. அது கலங்கலாக இருப்பதும் இயல்பு. வெண்ணெய் வாசம் தரும் டையசெட்டில் என்ற சேர்மம், குளிர்ச்சியில் நொதிக்கவைக்கும் பீரான லாகரில், ஜெர்மன் முறையில் காய்ச்சியதென்றால், பிழை. செக் லாகரில் சிறிதளவு இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். பெல்ஜியத்தின் லாம்பிக்கில் புளிப்பு இல்லையென்றால் அது லாம்பிக்கே இல்லை. ஆக, குணமும் குற்றமும் பீரில் மட்டும் இல்லை, அது எந்த மரபைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறது என்பதிலும் இருக்கிறது.

'வகை' இதைச் சொல்லாது. வகை என்பது பிரித்து வைப்பது. லாகர், ஏல் என்று ஈஸ்ட்டையும் நொதிக்கும் வெப்பத்தையும் கொண்டு பிரிப்பதற்கு அது பொருந்தும். 'ரகம்' நெல்லுக்கும் துணிக்கும் நல்ல சொல். பொருளைச் சுட்டும், செய்முறையைச் சுட்டாது. 'நடை' எழுத்தோடு ஒட்டிப்போனது. பேச்சில் 'ஸ்டைல்' என்றாலோ பகட்டும் மிடுக்கும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பாணி பழைய சொல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என வருமிடத்தில் அது தாளம். பாட்டு என்ற பொருளும் உண்டு. இன்று பரதநாட்டியத்தில் வழுவூர்ப் பாணி, பந்தநல்லூர்ப் பாணி என்கிறோம். ஓர் ஊரில் வேர்விட்டு, கைமாறிக் கைமாறி வந்து, இன்னது இருக்க வேண்டும், இன்னது கூடாது என்று இலக்கணம் வகுத்துக்கொண்ட செய்முறை. பந்தநல்லூர்ப் பாணியில் ஆடுகிறேன் என்று மேடையேறியவரை அந்த இலக்கணத்தை வைத்துத்தானே பார்ப்போம்? பீர் நடுவர் செய்வதும் அதுவே. யாழ்ப்பாணத்தில் பாணி என்றால் இனிப்புப் பாகும் ஆகும். ஆனால் இடம் பார்த்தால் குழப்பம் வராது.

ஆக, இப்படிப் பிரித்து எழுதலாம்: லாகர் என்பது வகை, பில்ஸ்னர் என்பது பாணி. பல பாணிகள் சேர்ந்த போட்டித் தொகுதிக்குப் பிரிவு. பாணிக்குப் பொருந்தாமல் போவதைப் பாணி விலகல் என்றும், இருக்கக் கூடாத சுவையைப் பிழைச்சுவை என்றும் எழுதலாம்.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் நுவரெலியாவில் வேர் கொண்ட லயன் ஸ்டவுட்டை, பி.ஜே.சி.பி. வரையறை வெப்பமண்டல ஸ்டவுட் பாணிக்கு மாதிரியாகக் குறிக்கிறது: இனிப்பும் பழ மணமும் கூடியது, வலுவானது. அதையே இனிப்புக் குறைந்த, இலேசான ஐரிஷ் ஸ்டவுட் என்று பதிந்து அனுப்பினால் புள்ளி சரியும். பீரில் ஒரு குறையும் இருக்காது. படிவத்தில் எழுதிய பாணிதான் தவறு.

பதக்கத்திலும் இதே கண்டிப்பு. பாணிக்கு முழுமையாகப் பொருந்தியது எதுவும் இல்லையென்றால் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் அந்தப் பிரிவின் தங்கத்தையே நிறுத்திவைக்கலாம். வீட்டுக்காய்ச்சல் போட்டிகளில் பிரிவு வெற்றியாளர்கள் கடைசியாக ஒரே மேசைக்கு வருவார்கள். அந்தச் சுற்றுக்கு 'பெஸ்ட் ஆஃப் ஷோ' என்று பெயர். 'போட்டி முதன்மை' எனலாம். அங்கே புள்ளி கிடையாது. ஒரு கருப்பு ஸ்டவுட்டும் ஒரு வெளிர் பில்ஸ்னரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, தன் பாணியை இவற்றில் எது மிக நிறைவாகக் காட்டுகிறது என்று பேசிப் பேசி ஒன்றொன்றாக விலக்குவார்கள்.