பழைய ஆலை நிலத்துக்குக் கூடுதல் மாடி: பார்சிலோனாவின் 22@ விதி

ஸ்பெயினில் பார்சிலோனாவின் கடலோரப் பகுதி போப்லேநோவ். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகளும் துணி அச்சடிக்கும் ஆலைகளும் நிறைந்திருந்த இடம். 1960-களுக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. காலிக் கூடங்களில் சிறு பட்டறைக்காரர்களும் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். 1976-ஆம் ஆண்டு நகரத் திட்டமோ அந்த நிலத்தைத் தொழிற்சாலைக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த சுமார் 4,600 வீடுகள்கூட விதிக்குப் புறம்பானவைதான்.

2000-இல் மாநகராட்சி இதை மாற்றியது. சுமார் 500 ஏக்கருக்கு வந்த புது விதிதான் 22@. அந்தப் பழைய வீடுகளுக்கும் அப்போதுதான் அங்கீகாரம் கிடைத்தது.

விதியின் சாரம் ஒரு கொடுக்கல் வாங்கல். மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ என்று சொல்கிறோமே, அந்த அளவு அங்கே 2 ஆக இருந்தது. நிலத்தைப் புது விதிப்படி மாற்றி அமைத்தால் 2.2. கட்டும் பரப்பில் குறைந்தது 20 சதவீதத்தை மென்பொருள், ஊடகம், வடிவமைப்பு, ஆராய்ச்சி போன்ற அறிவுசார் தொழில்களுக்கு ஒதுக்கினால் 2.7. மானிய வீடுகளுக்காக மேலும் 0.3. ஆக, 3 வரை போகலாம். அதாவது 2,000 சதுர மீட்டர் மனையில் 4,000-க்குப் பதில் 6,000 சதுர மீட்டர் கட்டடம்.

பதிலுக்கு உரிமையாளர் சுமார் 30 சதவீத நிலத்தை இலவசமாக மாநகராட்சிக்குத் தர வேண்டும். பூங்கா, மானிய வீடு, பல்கலைக்கழகம், பயிற்சி நிலையம் எல்லாம் அதில் வரும். தெருச் சீரமைப்புச் செலவிலும் அவர் பங்கு உண்டு. மானிய வீடுகளுக்கு வைத்த இலக்கு 4,000; அவற்றில் கால்வாசி வீடுகள் வாடகைக்கு விடுவதற்கு. அரசு அனுமதியால் ஏறிய நில மதிப்பில் ஊருக்கும் பங்கு கேட்பது முழுக்க நியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, வாடகைதாரருக்கு? இந்தப் பேரத்தில் அவருக்கு இடமே இல்லை. கான் ரிகார்ட் என்ற பழைய ஆலை வளாகத்தில் இயங்கிய பட்டறைகளும் கலைக்கூடங்களும் 2005, 2006-இல் வெளியேற்றப்பட்டன. அக்கம்பக்கத்தார் போராடியதால் கட்டடம் மிஞ்சியது, பாரம்பரியச் சின்னமும் ஆனது. 1997 முதல் அங்கேயே இயங்கும் ஹங்கார் என்ற கலைஞர் மையமும் தப்பியது. பட்டறைகள் போனவை போனவைதான். பகுதிக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு, கட்டுப்படுத்தப்பட்ட வாடகையில் ஒரு பங்கு தளப்பரப்பு என்று முதல் நாளே விதியில் எழுதியிருக்க வேண்டும்.

2022-இல் வடக்குப் பகுதிக்கு விதி திருத்தப்பட்டது. அங்கே வீடுகளுக்கான பங்கு இப்போது முன்பைவிட அதிகம்.