பாடி ஃபார்ம்: சொல் விளக்கம்

இறந்த மனித உடல்களைத் திறந்த வெளியில் கிடத்தி, அவை எப்படிச் சிதைகின்றன, எதனால் வேகமாகின்றன, எதனால் தாமதமாகின்றன என்று நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்கும் ஆய்விடத்தை ஆங்கிலத்தில் ‘பாடி ஃபார்ம்’ என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் இங்கே கேள்வி; முதலில் அது என்ன என்று பார்ப்போம். தடய அறிவியலுக்கு அங்கிருந்து வேண்டிய விடை முக்கியமாக ஒன்றுதான்: ஒருவர் இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று? குற்ற விசாரணையில் சந்தேகத்துக்கு உரியவர் மாட்டுவதும் விடுபடுவதும் பல சமயம் இந்த ஒரு விடையில் இருக்கிறது.

இதன் கதை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொடங்குகிறது. 1977 இறுதியில், ஃபிராங்க்ளின் என்ற ஊரில் பழைய கல்லறை ஒன்று தோண்டப்பட்டுக் கிடந்தது. உள்ளே தலையில்லாத ஓர் உடல். சதை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. புதிதாகக் கொலை செய்து பழைய குழியில் மறைத்திருக்கிறார்கள் என்றே போலீசாருக்குத் தோன்றியது. டென்னசி பல்கலைக்கழக மானுடவியல் பேராசிரியர் வில்லியம் பாஸ் வந்து பார்த்தார். இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார். பிறகு தெரியவந்தது, அது அந்தக் கல்லறைக்கு உரியவரான கர்னல் வில்லியம் ஷையின் உடலேதான். உள்நாட்டுப் போரில் 1864 டிசம்பரில் நாஷ்வில் சண்டையில் இறந்தவர். உடல் பதப்படுத்தப்பட்டு, காற்றுப் புகாத வார்ப்பிரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்ததால் 113 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறது.

பாஸ் அந்தத் தவற்றை மறைக்கவில்லை. இறந்த உடலுக்கு என்ன ஆகிறது என்பது பற்றி நம்பத்தக்க அளவீடுகளே இல்லை என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். நாக்ஸ்வில் நகரில், பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பின்னால் வேலியடைத்த ஒரு துண்டு நிலத்தில் ஆய்வைத் தொடங்கினார். 1981-இல் முதல் உடல் வந்தது. அந்த இடத்தின் முறையான பெயரில் பண்ணையும் இல்லை, பிணமும் இல்லை. ‘மானுடவியல் ஆய்வு வளாகம்’ என்பதுதான் பெயர்.

அங்கே ஓர் உடல் வெயிலில் கிடக்கும், ஒன்று மர நிழலில், ஒன்று ஆழமில்லாத குழியில், ஒன்று காரின் பின்பெட்டிக்குள். பச்சையும் நீலமுமாக மினுங்கும் ஈக்கள் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகின்றன. கண், மூக்கு, வாய் என ஈரமான திறப்புகளில்தான் அவை முதலில் முட்டையிடும். ஆகவே, உள்ளங்கையில் புழுக்கள் மொய்த்திருந்தால் அங்கே காயம் இருந்திருக்கலாம். அந்த ஆள் கத்தியைக் கையால் தடுத்திருக்கலாம். புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது, கூட்டுப்புழு ஆகிவிட்டதா என்பதை வைத்து நாளைக் கணக்கிடுகிறார்கள். உடலிலிருந்து கசியும் நீர் மண்ணில் கொழுப்பு அமிலங்களை விட்டுச்செல்கிறது. அவற்றின் விகிதத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம் என்று அர்பாத் வாஸ் என்ற ஆய்வாளர் டென்னசியில் செய்த ஆய்வை 1992-இல் வெளியிட்டார். உடலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டாலும் மண் சாட்சி சொல்லும்.

நாள்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பிவிடும், ஏனென்றால் சிதைவை ஓட்டுவது வெப்பம். அதனால் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். 30 பாகை செல்சியஸில் 10 நாள், 10 பாகை செல்சியஸில் 30 நாள் இரண்டுக்கும் கூட்டுத்தொகை 300. இரண்டு உடல்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். ஆனால் ஈரப்பதம், மண், பூச்சிகள், விலங்குகள் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 2008-இல் தொடங்கிய டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்விடத்தில், பிணந்தின்னிக் கழுகுக் கூட்டம் ஓர் உடலைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிட்டதைப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியா 2016-இல் சிட்னிக்கு அருகே தனக்கென்று ஒன்றைத் தொடங்கியதற்கும் இதுதான் காரணம்: டென்னசிக் கணக்கு அந்த மண்ணுக்கு அப்படியே பொருந்தாது.

சரி, பெயருக்கு வருவோம். 1994-இல் பாட்ரிசியா கார்ன்வெல் எழுதிய குற்றப் புதினத்துக்கு இதுவே தலைப்பானது; அப்புறம் உலகம் முழுவதும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நேரே பெயர்த்தால் ‘பிணப் பண்ணை’. இது வேண்டாம் என்பேன். கோழிப்பண்ணை, மீன்பண்ணை, பால்பண்ணை என்று தமிழில் பண்ணை என்றாலே எதையோ வளர்த்து, பெருக்கி, விற்கும் இடம். இன்று இங்கே வருகிறவை தானமாக வந்த உடல்கள். பலர் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்தவர்கள். அவர்களுக்குப் பண்ணை என்ற சொல் செய்வது அநியாயம்.

‘பிணம்’ என்பதும் காதுக்குக் கடுமை. ‘பிரேதம்’ மருத்துவமனைச் சொல், பேய் என்ற பொருளும் அதில் உண்டு. ‘சடலம்’ காவல்துறை, செய்தித்தாள் வழக்கு. பிணவறை வாசலில் காத்திருக்கும் வீட்டார் “உடலை எப்போ தருவாங்க?” என்றுதான் கேட்கிறார்கள். தானம் செய்தவரைக் குறிக்க அந்த ‘உடல்’ போதும்.

அடுத்தது, நடக்கும் வினை. அழுகல் என்பது நுண்ணுயிரிகளால் திசுக்கள் கெடும் ஒரு கட்டம் மட்டுமே. மக்குதல் இலைதழைக்கும் குப்பைக்கும் வழங்குவது. உப்புவது, அழுகுவது, உலர்வது, எலும்பாவது எல்லாவற்றையும் அடக்கும் சொல் ‘சிதைவு’. விபத்துச் செய்திகளில் ‘உடல் சிதைந்து’ என்று வருவதால் குழப்பம் வராதா என்றால், ஆய்வு என்ற சொல் கூட வரும்போது வராது.

கடைசியாக இடம். ‘இடுகாடு’ நினைவுக்கு வரலாம். மணிமேகலை, புகார் நகரத்து ஈமக்காடான சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும்போது சுடுவோரையும் இடுவோரையும் குழி தோண்டிப் படுப்போரையும் தனித்தனியாகச் சொல்கிறது. அதாவது இடுதல் என்பது புதைக்காமல் வெளியில் விடுவது. பொருள் வியக்கும்படி நெருங்கிவருகிறது. ஆனால் இன்றைக்கு இடுகாடு என்றால் புதைக்கும் இடம்தான், அங்கே ஆய்வுக்கு வேலையில்லை. நிலையம், கூடம் என்றால் கட்டடம் கண்ணில் நிற்கும். திறந்த வெளியையும், நேரில் போய்ப் பார்க்கும் கள ஆய்வையும் ஒருசேரச் சொல்வது ‘களம்’.

ஆகவே, உடற்சிதைவு ஆய்வுக்களம். செய்தித் தலைப்பில் இடம் போதாவிட்டால் சிதைவாய்வுக் களம் என்று சுருக்கலாம். இதற்கு அடிப்படையான துறைக்கு ஆங்கிலத்தில் ‘டஃபோனமி’ என்று பெயர். சோவியத் தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரெமோவ் 1940-இல் கிரேக்கத்திலிருந்து உருவாக்கியது. டஃபோஸ் என்றால் புதைப்பு, நோமோஸ் என்றால் விதி. முதலில் உயிரெச்சங்கள் மண்ணில் புதைந்து புதைபடிவமாகும் வழியைக் குறித்தது, பின்னால்தான் தடய அறிவியலுக்கு வந்தது. தடய அறிவியலில் பேசும்போது அதைச் ‘சிதைவியல்’ எனலாம். தொல்லுயிரியலில் அந்தச் சொல் பொருந்தாது, அங்கே வேறு சொல் வேண்டும்.