சாட்சி வாயிலிருந்து ஏட்டுக்கு: அமெரிக்க நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் உரைபெயர்ப்பு எப்படி நடக்கிறது?

‘ஸெ மெ காயோ.’ ஸ்பானிஷில் நாலே அசை. கையில் இருந்த பொருள் நழுவி விழுந்தால் ஸ்பானிஷ் பேசுகிறவர் வாயில் இயல்பாக வருவது இதுதான். ‘கை தவறி விழுந்துடுச்சு’ என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதே தொனி. விழுந்தது அந்தப் பொருள், அது எனக்கு நேர்ந்தது, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று மூன்று செய்திகள் அந்த நாலு அசைக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் சட்டென்று வாய்க்கு வருவதோ ‘நான் கீழே போட்டேன்’ என்கிற வாக்கியம். விழுந்தது குவளை என்றால் பரவாயில்லை. விழுந்தது கைக்குழந்தையாக இருந்து, அதை வைத்திருந்தவர் கூண்டில் நின்றால், ‘போட்டேன்’ என்பதற்கும் ‘விழுந்துவிட்டது’ என்பதற்கும் இடையில் ஓர் ஆளின் பல ஆண்டு வாழ்க்கை தொங்குகிறது. இரண்டில் எது நீதிமன்றப் பதிவான ஏட்டில் ஏறப்போகிறது என்பது, அருகில் நிற்கும் உரைபெயர்ப்பாளரின் கையில் இருக்கிறது.

எழுத்தை நிதானமாக மொழிமாற்றுகிறவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சை உடனுக்குடன் வாயால் மாற்றுகிறவர் உரைபெயர்ப்பாளர். அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பு தேவைப்படும் அமர்வுகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் ஸ்பானிஷுக்கானவை. வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலும் சுருக்கெழுத்தாளர் தட்டுவது ஆங்கிலத்தை மட்டும்தான். சாட்சி சொன்ன ஸ்பானிஷ் காற்றோடு போய்விடுகிறது. மேல்முறையீட்டு நீதிபதி படிப்பது உரைபெயர்ப்பாளரின் வாக்கியங்களையே. வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் ஸ்பானிஷ் தெரிந்தவர் இருந்தால் அவர்கூட, காதில் விழுந்த மூலத்தை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்தையே சாட்சியமாகக் கொள்ள வேண்டும். அப்படி ஏற்பார்களா என்பதில் தயக்கம் தெரிந்ததாகச் சொல்லி ஸ்பானிஷ் தெரிந்தவர்களை அரசுத் தரப்பு ஜூரியிலிருந்து விலக்கியது செல்லும் என்று, நியூயார்க் வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது.

ஆகவே இந்த வேலையின் கஷ்டம் இரண்டு மொழி தெரிந்திருப்பதில் இல்லை. மனித மூளையின் ஒரு பழக்கத்தை அடக்குவதில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் மூளை அதன் கருத்தைப் பிடித்துக்கொண்டு சொற்களைக் கை கழுவிவிடுகிறது. 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் இதை அளந்து காட்டினார். ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வெறும் 80 அசைகள், அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவான பேச்சு, கடந்துவிட்டால் போதும். பொருள் மாறினால் கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள், சொல்லமைப்பு மட்டும் மாறினால் பெரும்பாலும் கண்டுபிடிக்கவில்லை. அன்றாட வாழ்க்கைக்கு இது நல்ல ஏற்பாடு. நீதிமன்றத்துக்கு இது ஆபத்து. ஏனென்றால் அங்கே வேண்டியது கருத்துச் சுருக்கம் அல்ல. சாட்சி தடுமாறியது, இழுத்தது, மாற்றிச் சொன்னது எல்லாமே வேண்டும்.

ஒரு பதிலை நெருங்கிப் பார்ப்போம். சாட்சி ஸ்பானிஷில் சொல்வதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “இல்லீங்க சார், ஒன்பதரை இருக்கும்னு நெனைக்கிறேன், இல்ல பத்து, இல்ல, ஒன்பதரைதான், அப்பதான் என் மச்சான் அந்த ரெண்டு பசங்களோட வெளிய போனான், வண்டி வந்து, நீலம் இல்ல, ஒரு மாதிரி பச்சை.” இதற்கு உரைபெயர்ப்பாளர் எடுக்கும் குறிப்பு சில குறிகள்தான். இடமிருந்து வலமாகப் படிக்கட்டு போல இறங்கும். முதலில் ‘9.30’, பக்கத்தில் நினைப்புக்கு ஒரு கேள்விக்குறி. கீழே அடிக்கப்பட்ட ‘10’. மறுபடி ‘9.30’, அடிக்கோட்டுடன். மச்சானுக்கு இரண்டெழுத்து, வெளியே போனதற்கு ஓர் அம்பு, ‘+2’. வண்டிக்கு ஒரு வட்டம், அடிக்கப்பட்ட ‘நீ’, அலைக்கோட்டுடன் ‘ப’. பதில் முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. சொற்களை எழுத முயன்றால் கை பின்தங்கும், காது மூடிக்கொள்ளும். எண், பெயர், தேதி, மறுப்பு, வரிசை ஆகியவை மட்டும் தாளில் ஏறும். மற்றதை அந்தக் குறிகளைப் பிடித்துக்கொண்டு நினைவு இழுத்து வரும். அன்றைய வேலை முடிந்ததும் தாள்களைக் கிழித்துப் போடுவது வழக்கம்.

புதியவர்கள் இந்தப் பதிலை எப்படிக் கெடுக்கிறார்கள்? ‘ஒன்பதரைக்கு என் மச்சான் இரண்டு பையன்களுடன் பச்சை வண்டியில் போனான்’ என்று சுத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘சார்’ போயிற்று, ‘நெனைக்கிறேன்’ போயிற்று, நடுவில் வந்த பத்து மணி போயிற்று, ‘ஒரு மாதிரி’ போயிற்று. மச்சான் அந்த வண்டியில்தான் போனான் என்று சாட்சி சொல்லவேயில்லை, அது புதிதாகச் சேர்ந்துவிட்டது. குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு அந்தப் பத்து மணிதான் வேண்டும். மரியாதைச் சொல்லும் சும்மா இல்லை. சூசன் பெர்க்-செலிக்சன் என்ற மொழியியலாளர் ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாக உரைபெயர்த்து, மாதிரி ஜூரிகளுக்குப் போட்டுக் காட்டினார். ‘சார்’ போன்ற மரியாதைச் சொற்கள் இருந்த வடிவத்தில் சாட்சி நம்பத்தக்கவராகவும் திறமையானவராகவும் தெரிந்தார். தயக்கச் சொற்கள் கூடினால் மதிப்பு குறைந்தது. அதாவது உரைபெயர்ப்பாளர் நல்லெண்ணத்தில் திருத்தினாலும் அது சாட்சியின் எடையை மாற்றுவதுதான். (இந்தப் பதில் தமிழிலிருந்து ஸ்பானிஷுக்குப் போனால் வேறொரு சிக்கல் இருக்காது. ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு வந்தால் இருக்கும். ஸ்பானிஷின் ‘குன்யாதோ’வுக்கு மச்சானா, கொழுந்தனா, சகலையா என்று கேட்காமல் தமிழில் ஒரு சொல்லும் வைக்க முடியாது.)

சாட்சியிடம் கேள்வி, உரைபெயர்ப்பு, பதில், உரைபெயர்ப்பு என்று மாறி மாறிப் போகிற இந்த முறைக்குத் தொடர் உரைபெயர்ப்பு என்று பெயர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நடப்பது வேறு. அவர் வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நீதிபதி, எதிர்த்தரப்பு, ஆங்கிலச் சாட்சிகள் என்று யார் பேசினாலும் அது அவர் காதில் ஸ்பானிஷாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இது உடனிகழ் உரைபெயர்ப்பு. மூன்றாவது, கையில் கொடுத்த போலீஸ் அறிக்கையையோ ஒப்பந்தத்தையோ பார்த்தபடியே மற்ற மொழியில் வாசிப்பது.

உடனிகழ் முறை ஓர் உரிமையாக நிலைபெற்றதற்குப் பின்னால் நெக்ரோன் வழக்கு இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த, ஆங்கிலம் தெரியாத நெக்ரோன் என்ற தொழிலாளி மீது 1967இல் நியூயார்க் மாநிலத்தில் கொலை வழக்கு நடந்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் 14 பேரில் 12 பேர் ஆங்கிலத்தில் பேசினார்கள். அவருக்குக் கிடைத்தது, இடைவேளைகளில் பத்து, இருபது நிமிடம் சொல்லப்பட்ட சுருக்கம் மட்டுமே. தன்மேல் நடக்கும் வழக்கில் அவர் உட்கார்ந்திருந்தார், ஆனால் அங்கே இல்லை என்பதுதான் உண்மை. 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1978இல் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் சட்டம் வந்தது, 1980இல் கூட்டாட்சித் தேர்வு தொடங்கியது.

உடனிகழ் வேலையில் காதும் வாயும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையில் பொதுவாக 2 முதல் 4 விநாடி இடைவெளி இருக்கும். நிமிடத்துக்கு 160 சொல் வேகத்தில் 3 விநாடி என்றால் எட்டுச் சொல் எப்போதும் தலைக்குள் தொங்குகிறது. ரொம்ப ஒட்டிப் போனால் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு ஸ்பானிஷில் துருத்தும். ரொம்பத் தள்ளிப் போனால் எண்கள் உதிரும். அதனால் எண்ணோ முகவரியோ வரும்போது வேண்டுமென்றே நெருங்கி, காதில் விழுந்ததை உடனே கொட்டிவிட்டு மறுபடி பின்வாங்குவார்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடுவது பெரிய உதவி. தமிழிலோ வினை கடைசியில்தான் வரும், அதனால் இந்த இடைவெளி தமிழ் உரைபெயர்ப்பாளருக்கு இன்னும் நீள வேண்டியிருக்கும். ஸ்பானிஷின் சிரமம் வேறு இடத்தில். அதே செய்தியைச் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக அசைகள் வேண்டும். ஸ்பானிஷ்காரர்கள் விநாடிக்குச் சுமார் 7.8 அசையும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சுமார் 6.2 அசையும் பேசுவதாக 2011இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதனால் ஆங்கிலம் பேசும் வக்கீல் வேகமெடுத்தால் ஸ்பானிஷில் நாக்கு அதைவிட வேகமாக ஓடியாக வேண்டும்.

காதோடு காதாகக் கிசுகிசுத்தே நாள் முழுக்க ஓட்டினால் குரல்வளை கெட்டுவிடும். ஆகவே இப்போது சின்ன ஒலிபரப்பியும் மைக்கும் உரைபெயர்ப்பாளரிடம், ரிசீவரும் காதுக்கருவியும் கட்சிக்காரரிடம் இருக்கும். ஐந்து பேர் மீது வழக்கென்றாலும் ஒரே குரல் போதும். கெடுவதெல்லாம் சின்ன விஷயங்களில்: பேட்டரி தீர்ந்துபோவது, வக்கீல் முதுகைக் காட்டிக்கொண்டு ஜூரியிடம் பேசுவது, யாரோ மைக்கின் மேல் தாள்களைப் புரட்டுவது. காதில் விழாததை ஊகித்துச் சொல்லக் கூடாது. கையை உயர்த்தி, ‘உரைபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்ல வேண்டுகிறார்’ என்று தன்னைப் படர்க்கையில் சொல்ல வேண்டும். ‘நான்’ என்ற சொல் ஏட்டில் சாட்சிக்கே சொந்தம். தன் தவறு தெரிந்தாலும் அதே முறைதான்: ‘உரைபெயர்ப்பாளரின் திருத்தம்’ என்று அப்போதே ஏட்டில் ஏற்ற வேண்டும்.

நீண்ட விசாரணைகளுக்கு இருவர் வேண்டும். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். 1998இல் பார்பரா மோசர்-மெர்சர் குழுவினர் செய்த சிறு ஆய்வில், அரை மணிக்கு மேல் தொடர்ந்தபோது பிழைகள் கூடின. கவலைக்குரியது அடுத்த பகுதி: தரம் இறங்கியது உரைபெயர்த்தவர்களுக்கே தெரியவில்லை. ‘எனக்குக் களைப்பில்லை, தொடர்கிறேன்’ என்று சொல்பவரின் சொல்லை நம்ப முடியாது என்பதால்தான் கடிகாரத்தை வைத்து மாறுகிறார்கள். ஓய்வில் இருக்கிறவரும் சும்மா இருப்பதில்லை. எண்களைக் குறித்து நீட்டுவார், அகராதி பார்ப்பார், பிழையைச் சுட்டுவார்.

சொற்பொருள் சிக்கல்களுக்கு அளவே இல்லை. ஸ்பானிஷ் இருபது நாடுகளின் மொழி. போதைப்பொருள் வழக்கில் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சில் ‘ஒரு கிலோகூட இல்லை’ என்று வந்தால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் கியூபாக்காரர் பேச்சில் கிலோ என்றால் சென்ட் நாணயம். ‘சல்லிக்காசு இல்லை’ என்பதுதான் அவர் சொன்னது. ‘குவாகுவா’ கரீபியனில் பஸ், சிலேயில் கைக்குழந்தை. ‘பீச்சோ’ பல நாடுகளில் பூச்சி, போர்ட்டோ ரிக்கோவில் வாய்கூசும் கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தை என்றால் கெட்ட வார்த்தையாகவேதான் ஆங்கிலத்தில் வர வேண்டும், மழுப்பக் கூடாது.

இலவசத்துக்கும் சும்மா இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு வழக்கே கவிழ்ந்திருக்கிறது. ‘பணமில்லையென்றால் இலவசமாக வக்கீல் தரப்படுவார்’ என்று கைதானவரிடம் சொல்ல வேண்டிய எச்சரிக்கையை ஸ்பானிஷில் சொன்ன போலீஸ் அதிகாரி, ‘கிராட்டிஸ்’ என்பதற்குப் பதில் ‘லீப்ரே’ என்றார். லீப்ரே என்றால் கட்டற்றவர், வேலையில்லாமல் இருப்பவர். தமிழில் சும்மா கிடைக்கும் வக்கீலும் சும்மா இருக்கும் வக்கீலும் எவ்வளவு வேறோ, அவ்வளவு வேறு. அந்த எச்சரிக்கை போதாது, அதைத் தொடர்ந்து பெற்ற வாக்குமூலத்தை ஏற்கக் கூடாது என்று 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொன்னது.

சொல்லைவிட இலக்கணம் நுட்பமாகக் காலை வாரும். ஒருவர் வந்து இன்னொருவரை அடித்ததை ஸ்பானிஷில் இப்படிச் சொல்வார்கள்: ‘யெகோ இ லெ பெகோ.’ வந்து அடித்தது யார்? தமிழில் வந்தான், வந்தாள் என்று விகுதியே சொல்லிவிடும். ஸ்பானிஷ் வினையில் பால் காட்டும் விகுதி இல்லை, எழுவாயையும் சொல்ல வேண்டியதில்லை. அடி வாங்கியது ஆணா பெண்ணா என்பதும் ‘லெ’யில் தெரியாது. ஆங்கிலத்திலோ அவன், அவள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முந்தைய பதில்களில் விடை இருந்தால் சரி. இல்லையென்றால் நீதிபதியிடம் அனுமதி கேட்டு, சாட்சியிடம் தெளிவு பெற வேண்டும். ஊகம் ஒரு புதிய ஆளைச் சம்பவ இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இதையெல்லாம் சோதிக்கும் கூட்டாட்சி வாய்மொழித் தேர்வில் ஐந்து பகுதிகள்: இரு திசையிலும் பார்த்து வாசித்தல், தொடர் உரைபெயர்ப்பு, 120 சொல் வேகத்தில் ஒரு வக்கீல் உரை, 160 சொல் வரை ஏறும் கேள்வி-பதில். மதிப்பெண் ‘நன்றாக இருந்தது’ என்று போடப்படுவதில்லை. உரைக்குள் முன்கூட்டியே குறித்து வைத்த எண், மரபுத்தொடர், தயக்கச் சொல், கொச்சை ஒவ்வொன்றும் வந்ததா இல்லையா என்று எண்ணப்படும். தேற 80 விழுக்காடு வேண்டும். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்களே இதில் தோற்பது சகஜம், சமையலறை ஸ்பானிஷில் துப்பாக்கியின் பாகங்களும் தடயவியல் சொற்களும் இருப்பதில்லை.

விசாரணைக்கு முன் நீதிபதியின் அனுமதியோடு சாட்சியுடன் சில நிமிடம் பொதுவாகப் பேசிப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்த ஊர், எந்தப் பேச்சு, எவ்வளவு வேகம் என்று காது பழகும். முக்கியமான இன்னொன்றும் அப்போதுதான் வெளிப்படும். குவாத்தமாலாவிலிருந்தும் தெற்கு மெக்சிகோவிலிருந்தும் வருகிறவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழி அல்ல. மாம், கிசே, மிஷ்டெக் போன்ற பூர்வகுடி மொழிகளே அவர்களுடையவை. ஊரைப் பார்த்து ‘ஸ்பானிஷ்’ என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் எல்லாக் கேள்விக்கும் தலையாட்டி ‘சீ’, ‘சீ’ என்பார், ஸ்பானிஷில் ஆமாம் என்று பொருள். ‘மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டாலும் ‘ஆமாம்’ என்றால் விஷயம் புரிந்துவிடும். அப்போது ஸ்பானிஷ் உரைபெயர்ப்பாளர் நிறுத்தி, இந்த மொழியில் இவரோடு பேச முடியாது என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். பிறகு மாம் மொழிக்காரர் ஒருவரைத் தேடி அமர்த்துவார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் மாமிலிருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலம் என்று இரண்டு பேர் சங்கிலியாக நிற்பார்கள். ஒவ்வொரு கேள்வியும் அதே வழியில் திரும்பிப் போகும். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய சாட்சியம் அரை நாளை எடுத்துக்கொள்ளும், நீதிமன்றம் அந்த அரை நாளைக் கொடுத்தாக வேண்டும்.