பிரெவெட் என்பது என்ன பதவி?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) பற்றிப் படித்தால் ‘பிரெவெட் கர்னல்’, ‘பிரெவெட் மேஜர் ஜெனரல்’ என்று அடிக்கடி கண்ணில் படும். துணைப் பதவியோ தற்காலிகப் பதவியோ என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் இல்லை. போரில் நன்றாகச் செயல்பட்ட அதிகாரிக்கு மேல்பதவியின் பெயரை மட்டும் கொடுப்பதுதான் பிரெவெட். சம்பளம் பொதுவாகப் பழையபடிதான். ரெஜிமெண்டில் (படைப்பிரிவில்) இடம் காலியானால்தான் உண்மையான உயர்வு கிடைக்கும் என்ற நிலையில், அரசுக்குச் செலவில்லாத பாராட்டு இது. ஆனால் வெறும் அலங்காரமும் அல்ல: ராணுவ நீதிமன்றத்தில் உட்காரும்போதும், பல பிரிவுகள் கலந்த படையிலும் பிரெவெட் அன்று செல்லுபடியானது.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. லத்தீன் ‘பிரெவிஸ்’ என்றால் குறுகிய. அதிலிருந்து ‘பிரெஃப்’, சிறு கடிதம். அதன் சிறுமை வடிவம் ‘பிரெவெட்’. அதாவது, பதவியைத் தரும் சீட்டின் பெயரே பதவிக்கும் ஆகிவிட்டது.

உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தளபதியாக இருந்த ராபர்ட் லீ நல்ல உதாரணம். மெக்சிகோ போரில் (1846–48) மூன்று பிரெவெட் வாங்கி பிரெவெட் கர்னல் ஆனார். நிரந்தரப் பதவியோ கேப்டன்தான். முழுக் கர்னல் பதவி 1861 மார்ச்சில், லிங்கன் கையெழுத்தோடு வந்தது. ஏப்ரல் 20 அன்று ராஜினாமா செய்துவிட்டு, பிரிந்துபோன தென் மாநிலங்களின் அணிக்குப் போனார். அவர் காலத்து அதிகாரிகள் எடுத்த உறுதிமொழி, ஐக்கிய மாநிலங்களான அமெரிக்காவை ‘அவற்றுக்கு’ என்று பன்மையில் குறித்து, உண்மையாக உழைப்பேன் என்றது. மாநிலமா, நாடா என்ற சண்டைக்கு அந்தப் பன்மையே இடம் கொடுத்தது என்பேன்.

லீயைப் போலப் பலர் போனதும் லிங்கன் அரசு அதிகாரிகளை மறுபடி உறுதிமொழி எடுக்கச் சொன்னது. 1862 ஜூலைச் சட்டம் ‘வெளிப்பகை, உட்பகை அனைத்துக்கும் எதிராக’ என்பதைச் சேர்த்தது; அமெரிக்காவுக்கு எதிராக விரும்பி ஆயுதம் ஏந்தியதில்லை என்றும் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. பதவி உயர்வுக் கடிதத்தோடு உறுதிமொழிப் படிவமும் வரும். நிரப்பி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவேண்டும்.

போர் முடியும் தறுவாயில் பிரெவெட் மலிந்துபோனது. 1865 மார்ச் 13 என்ற ஒரே தேதியிட்டு ஏராளமானோருக்கு வழங்கினார்கள். வடக்கின் குதிரைப்படைத் தளபதி கஸ்டர் அன்றைய தேதியில் பிரெவெட் மேஜர் ஜெனரல். நிரந்தரப் பதவியில் கேப்டன்! 1870 சட்டம், ஆணைகளில் பிரெவெட் பெயரால் அழைப்பதைத் தடுத்தது.

சரி, தமிழில்? ‘கௌரவப் பதவி’ என்றால் அதிகாரமே இல்லாததுபோல் ஆகிறது. தொல்காப்பியத்தில் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ உண்டு; மாராயம் என்பது வேந்தன் தரும் சிறப்பு. கேட்க அழகுதான், ஆனால் ஏனாதி, காவிதிப் பட்டங்களோடு நாடும் ஊரும் பெறுவதையும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதில் சேர்க்கிறார். பிரெவெட்டில் அந்த வரும்படி ஏது? என் தேர்வு ‘பட்டயப் பதவி’. பட்டயமும் ஆவணம், பிரெவெட்டும் ஆவணம். 1848இன் லீயை ‘கேப்டன் (பட்டயக் கர்னல்) லீ’ என்று எழுதலாம்.